கட்டைவிரல் வீங்கிச் சிவந்தது, யூரிக் ஆசிட் நார்மல்: இது கவுட்டா, இல்லையா?

நொய்யல்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வயது 44, ஊர் திருப்பூர், பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. பி.பி.க்கு நாலைந்து வருடமாக மாத்திரை போடுகிறேன், சர்க்கரை இல்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. குடல் கறி, ஈரல் வறுவல், ரத்தப் பொரியல் என்று எதையும் விடவில்லை, மாலையில் பங்காளிகளோடு தோட்டத்தில் பீரும் ஓடியது. மறுநாள் ராத்திரி நன்றாகத்தான் படுத்தேன். விடியற்காலை மூன்று மணி இருக்கும், வலது கால் கட்டைவிரல் பாதத்தோடு சேருகிற அந்த முட்டியில் வலி எழுப்பிவிட்டது. விடிவதற்குள் அந்த இடமே சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் சுடுகிறது. ஃபேன் காற்று பட்டாலே தாங்கவில்லை என்றால் நம்புவீர்களா, வீட்டில் நடிக்கிறேன் என்றே நினைத்தார்கள்.

பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஊசி போட்டு, ரத்தம் எடுத்தார்கள். யூரிக் ஆசிட் 5.6, லேப் தாளில் 3.5 முதல் 7.2 வரை நார்மல் என்று போட்டிருக்கிறது. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், உடம்பில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அதிகம், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. "யூரிக் ஆசிட் நார்மல், அதனால் கவுட் (யூரிக் ஆசிட் படிந்து வரும் மூட்டு வீக்கம்) கிடையாது, எங்கேயோ இடித்திருப்பீர்கள், இல்லையென்றால் தோலில் இன்ஃபெக்‌ஷன்" என்று ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கியது, அப்புறம் அந்த இடத்தில் தோல் உரிந்தது. நான் எங்கேயும் இடித்துக்கொள்ளவே இல்லை.

இன்னொன்று. போன மார்கழியில் இடது பாதத்தின் மேல்பக்கம் இதே மாதிரி, ஆனால் கொஞ்சம் லேசாக, வீங்கி வலித்து சில நாளில் சரியாகிவிட்டது. புது ஷூ கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கூட வேலை செய்கிறவருக்கு மாஸ்டர் செக்கப்பில் யூரிக் ஆசிட் 8.4 வந்தது, மனிதர் தினமும் ஷட்டில் ஆடுகிறார், ஒரு வலியும் இல்லை. 8.4 இருப்பவருக்கு இல்லை, 5.6 இருக்கும் எனக்கு எப்படி வரும்? வீட்டில் இது வாயு என்கிறார்கள், பருப்பும் கீரையும் நிறுத்தியாகிவிட்டது. எந்த டெஸ்ட் எடுத்தால் உறுதியாகத் தெரியும், யாரிடம் போக வேண்டும்?

கரூர் பைபாஸ்

அண்ணா, படிக்கும்போதே எனக்குக் கால் வலிக்கிறது. எனக்கும் அச்சு அசலாக இப்படித்தான் ஆரம்பித்தது. வலி உச்சத்தில் இருந்தபோது எடுத்த டெஸ்டில் 6-க்குக் கொஞ்சம் மேலே, சரியான பிறகு எடுத்தால் 8.9. வலி இல்லாத நேரத்தில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பருப்பை எதற்கு நிறுத்தினீர்கள்? பீரை நிறுத்துங்கள் முதலில்.

சோதனைக்குழாய்

லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

தாளில் இருக்கும் 3.5 முதல் 7.2 என்பது ஊரில் பெரும்பாலான ஆண்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் போட்ட எல்லை. அதற்குள் இருந்தால் நோய் இல்லை, தாண்டினால் நோய் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. உடம்புச் சூட்டில் யூரேட் உப்பு கரைந்து நிற்கக்கூடிய அளவு டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம். அதற்கு மேலே போய் வருடக்கணக்கில் நின்றால், பாகில் சர்க்கரை கூடினால் கற்கண்டு படிகிற மாதிரி, மூட்டுக்குள் படிகம் படியத் தொடங்கலாம். அதனால் 7.0 என்று வந்து "நார்மல்" என்று அச்சான ரிப்போர்ட்டும் உண்மையில் கரைதிறனைத் தாண்டியதுதான்.

அடுத்தது, வலி வந்த நேரத்தில் எடுத்த ரத்தம். மூட்டில் அழற்சி ஏறியிருக்கும்போது சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக யூரிக் ஆசிடை வெளியேற்றுவதால் ரத்தத்தில் அளவு இறங்கிவிடுவது உண்டு. கவுட் உறுதியாக இருப்பவர்களிலேயே கணிசமானவர்களுக்கு அட்டாக்கின்போது நார்மல் வரும். அட்டாக் முழுதாக அடங்கி குறைந்தது இரண்டு வாரம் கழித்து, முடிந்தால் அதே லேபில், திரும்பக் கொடுங்கள். கண்டிப்பாக வெறும் வயிறு வேண்டும் என்றில்லை. என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று டாக்டரிடம் பெயரோடு சொல்லுங்கள், அதில் நிறைய விஷயம் இருக்கிறது.

மலேசியா, இங்கிலாந்திலிருந்து படிப்பவர்கள் உங்கள் ரிப்போர்ட்டில் 420, 480 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அது மைக்ரோமோல் கணக்கு. சுமாராக 60-ஆல் வகுத்தால் எங்கள் கணக்கு வந்துவிடும், 420 என்றால் 7.

"ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்" என்று ஒரு கட்டு டெஸ்டை தலையில் கட்டுவார்கள், அதற்குக் காசு கொடுக்கும் முன் யோசியுங்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் நோயே இல்லாதவர்களுக்கும், அதிலும் வயதானவர்களுக்கு, பாசிட்டிவ் வரும். ஒற்றைக் கட்டைவிரல் ஒரே ராத்திரியில் வீங்கியதற்கு அது பதில் சொல்லாது.

நேர்கோடு

எல்லோரும் கவுட் என்று முத்திரை குத்தும் முன் என் கதையையும் கேளுங்கள். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தும், நடக்க நடக்கக் குறையும். ஒருவர் யூரிக் ஆசிட் பார்த்தார், 7.6. உடனே "கவுட்" என்று, யூரிக் ஆசிடைக் குறைக்கும் அலோபுரினால் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மாதக்கணக்கில் போட்டேன், யூரிக் ஆசிட் ஜம்மென்று இறங்கியது, குதிகால் வலி மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் வேறொரு எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு இது பாதத்தின் அடித்தசைநார் அழற்சி, பிளாண்டர் ஃபேஷியைட்டிஸ் என்றார். கெண்டைக்கால் நீட்டும் பயிற்சியும் மெத்தென்ற செருப்பும்தான் வைத்தியம். நம் ஊரில் எந்தக் கால் வலிக்கும் யூரிக் ஆசிட்மீது பழி போடுவது ஒரு பழக்கமாகிவிட்டது.

வைகைக்கரை டாக்டர்

நான் பொது மருத்துவர், மூட்டு நிபுணர் அல்ல, ஆனால் கவுட் நோயாளிகளைத் தினமும் பார்க்கிற இடத்தில் இருக்கிறேன். இங்கே எழுதுவதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடு சொன்னதும் கரூர் பைபாஸ் சொன்னதும் ஒரே தவற்றின் இரண்டு முகங்கள். எண் கூடினால் கவுட், கூடாவிட்டால் இல்லை என்று எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது. கவுட் என்பது மூட்டுக்குள் யூரேட் படிகம் படிந்து, அதை உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்கள் தாக்குவதால் வரும் வீக்கம். ரத்தத்தில் யூரிக் ஆசிட் அதிகம் இருப்பது அதற்கு அடித்தளம், நோயே அதுவல்ல. அமெரிக்காவில் ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், 9-க்கு மேல் இருந்தவர்களில்கூட ஐந்து ஆண்டுகளுக்குள் கவுட் வந்தது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான். உங்கள் ஷட்டில் நண்பர் மீதி நான்கு பேரில் ஒருவராக இருக்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மூட்டு வீங்கி வரும்போது நான் முதலில் கேட்பது மூன்று: எந்த மூட்டு, எவ்வளவு வேகமாக ஏறியது, எப்படி அடங்கியது. நீங்கள் மூன்றையும் கேட்காமலே எழுதிவிட்டீர்கள். கட்டைவிரல் அடிமூட்டு, தூங்கப் போகும்போது ஒன்றுமில்லாமல் விடிவதற்குள் உச்சம், ஒரு வாரத்தில் தானாகவே அடங்கி ஒரு குறையும் இல்லாமல் போனது, தோல் உரிந்தது. தாமஸ் சைடனாம் என்று ஓர் ஆங்கிலேய மருத்துவர், அவரே கவுட் நோயாளி, 1683-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நல்லபடியாகப் படுத்தவன் இரவு இரண்டு மணிக்குக் கட்டைவிரல் வலியால் விழிக்கிறான், போர்வையின் பாரம்கூடத் தாங்க முடியவில்லை என்று. நீங்கள் எழுதியதற்கும் அதற்கும் வித்தியாசம் அவருக்கு ஃபேன் இல்லை, அவ்வளவுதான்.

ஏன் கால், ஏன் ராத்திரி என்று கேட்பீர்கள். உடம்பில் நுனிப் பகுதிகள் குளிர்ச்சியாக இருக்கும், குளிர்ந்தால் யூரேட் கரைவது இன்னும் குறையும். தூக்கத்தில் உடம்பில் நீர் குறைவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. முதல் அட்டாக் பாதிப் பேருக்கு மேல் கட்டைவிரலில்தான் வருகிறது, ஆனால் பாதத்தின் மேல்பக்கம், கணுக்கால், முழங்கால் எல்லாம் உண்டு. உங்கள் மார்கழி "ஷூ கடி" எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்களுக்காக, மூட்டு நீர் எடுக்காமலே எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்து ஒரு மதிப்பெண் கணக்கு 2010-இல் வெளியிட்டார்கள். ஆண் என்றால் 2, முன்பு இப்படி ஒரு அட்டாக் வந்திருந்தால் 2, ஒரே நாளில் உச்சத்துக்குப் போனால் அரை, மூட்டு சிவந்திருந்தால் 1, கட்டைவிரல் அடிமூட்டு என்றால் இரண்டரை, ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் ஒன்றரை, யூரிக் ஆசிட் 5.88-க்கு மேல் இருந்தால் மூன்றரை. மொத்தம் 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் கவுட்டாக இருக்க வாய்ப்பு குறைவு, 8 அல்லது மேல் என்றால் அதிகம், இடையில் இருந்தால் மூட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். உங்களுக்குக் கூட்டிப் பாருங்கள். யூரிக் ஆசிடுக்குப் பூஜ்யம் போட்டால்கூட ஒன்பதரை வருகிறது. அந்த 5.6 இந்தக் கணக்கை மாற்றவே இல்லை. குதிகால் நண்பருக்கு இதே கணக்கைப் போட்டால் ஆண் என்பதற்கு இரண்டும் யூரிக் ஆசிடுக்கு மூன்றரையும் கிடைக்கும், ஐந்தரை. அதாவது மாத்திரை எழுதும் அளவுக்கு உறுதி இல்லை. உண்மையில் அவருக்குக் கணக்குப் போடவே தேவையில்லை, மூட்டு வீங்காத இடத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆனாலும் அந்தக் கிளினிக் டாக்டர் இன்ஃபெக்‌ஷன் என்று யோசித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஒற்றை மூட்டு சூடாக வீங்கினால் எந்த மருத்துவரும் முதலில் பயப்பட வேண்டியது மூட்டுக்குள் சீழ் பிடிப்பதைப் பற்றித்தான். அதை விட்டால் சில நாட்களிலேயே மூட்டு நாசமாகும், உயிருக்கும் ஆபத்து. சி.ஆர்.பி.யும் வெள்ளை அணுவும் கவுட், சீழ் இரண்டிலுமே ஏறும் என்பதால் ரத்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது. கவுட்டும் சீழும் ஒரே மூட்டில் சேர்ந்தும் இருக்கலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், பக்கத்தில் புண், சர்க்கரை நோய், ஸ்டீராய்டு அல்லது நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து, இதில் எது இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து இங்கே கேள்வி எழுதாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. பாதம் சிவந்து, சூடாகி, பெரிதாக வீங்கியிருக்கிறது, ஆனால் வீக்கத்துக்குத் தகுந்த வலி இல்லை என்றால் கவுட் என்று நினைக்காதீர்கள். நரம்பு மரத்துப்போன காலில் எலும்புகள் நொறுங்கும் ஷார்கோ பாதமாக இருக்கலாம். அதில் நடந்தால் பாதத்தின் வடிவமே போய்விடும்.

உறுதியான பதில் வேண்டுமென்றால் மூட்டு நீர்தான். வீங்கிய மூட்டில் மெல்லிய ஊசியால் சில துளி எடுத்து போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஊசி ஊசியாக யூரேட் படிகம் தெரியும். 1961-இல் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதைக் காட்டிய பிறகுதான் கவுட்டை நேராகக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிந்தது. எக்ஸ்ரே நார்மலாக இருந்ததில் ஆச்சரியமில்லை, எலும்பு ஓரம் அரித்த மாதிரி தெரிவதற்குப் பல வருடம் ஆகும்.

பருப்பு, கீரையைத் திரும்ப ஆரம்பியுங்கள். அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் இறைச்சியும் கடல் உணவும் ஆபத்தைக் கூட்டின, பியூரின் (உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் பொருள்) உள்ள காய்கறிகள் கூட்டவில்லை, பால் பொருள் குறைத்தது. மதுவில் பீர்தான் மோசம். சர்க்கரை போட்ட குளிர்பானமும் நல்லதில்லை.

உங்கள் பி.பி. மாத்திரையின் பெயர் என்ன?

வாசல்தெளி

டாக்டர் சொன்னதோடு என் அம்மா விஷயத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். வயது 72, முழங்கால் திடீரென்று இரண்டு மடங்காக வீங்கியது. எங்கள் தெருவில் எல்லோரும் கவுட் என்றார்கள், யூரிக் ஆசிடும் 7-க்குக் கிட்டே. நல்லவேளை அந்த மருத்துவமனையில் நீர் எடுத்துப் பார்த்தார்கள், இருந்தது வேறு படிகம், கால்சியம் பைரோபாஸ்பேட். போலி கவுட் என்று சொன்னார்கள். எக்ஸ்ரேயில் முழங்கால் குருத்தெலும்பில் சுண்ணாம்புக் கோடு மாதிரி தெரிந்ததைக் காட்டினார்கள். யூரிக் ஆசிடைக் குறைக்கும் மாத்திரை இதற்கு ஒன்றும் செய்யாதாம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை கவுட் வருவது ரொம்ப அபூர்வம், அதன் பிறகு வரும் என்றும் சொன்னார்கள், ஏனென்றால் ஈஸ்ட்ரோஜன் யூரிக் ஆசிடை வெளியே தள்ள உதவுகிறது.

பச்சைமலை

இவ்வளவு டெஸ்ட் எதற்கு? அடுத்த தடவை வலி வந்தால், கவுட் வலிக்குக் கொடுக்கும் கால்சிசின் மாத்திரை போட்டுப் பாருங்கள், நின்றால் கவுட், நிற்காவிட்டால் வேறு ஏதோ. அந்த மருந்தே கண்வலிக்கிழங்கிலிருந்துதான் எடுக்கிறார்கள், கிழங்கையே சுத்தி செய்து சாப்பிடலாம் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார்.

மூலனூர் வெள்ளாமை

பச்சைமலை அவர்களே, தயவுசெய்து அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். எங்கள் பக்கம் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் எல்லாம் பந்தல் போட்டு இதைப் பயிர் செய்கிறோம். செங்காந்தள், கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு எல்லாம் ஒன்றுதான், நம் மாநில மலரே இதுதான். காலையில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தடவி, விதை எடுத்து வியாபாரிக்குக் கொடுத்தால் கால்சிசின் எடுக்க வெளிநாடு போகிறது. ஆனால் அந்தக் கிழங்கு விஷம். வேறு கிழங்கு என்று தவறிச் சாப்பிட்டவர்களும் வேண்டுமென்றே சாப்பிட்டவர்களும் பிழைக்காமல் போனது எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கிழங்கு போட்டு வைத்திருக்கும் இடத்தில் குழந்தைகளை விட மாட்டோம்.

வைகைக்கரை டாக்டர்

மூலனூர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முதலில் வாந்தி, பேதி, அப்புறம் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகப் போகும், இதற்கென்று முறிவு மருந்து நம் மருத்துவமனைகளில் கிடையாது. அரை மில்லிகிராம் கால்சிசின் மாத்திரையிலேயே அளவு தாண்டக் கூடாது, சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இன்னும் கவனம், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் ஆபத்து. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் சமாச்சாரம் இல்லை.

"போட்டுப் பார்" பரிசோதனையும் நம்பகமில்லை. போலி கவுட்டுக்கும் கால்சிசின் கேட்கும். கவுட் எப்படியும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும் என்பதால், எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குப் பெயர் போய்ச் சேரும். நொய்யல்காரனுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்த மாதிரி தெரிந்ததும் அப்படித்தான்.

நொய்யல்காரன்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். டெல்மிசார்டன் 40, அதோடு ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 (நீர் பிரிய வைக்கும் தயசைட் வகை மருந்து) சேர்ந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.1. காய்ச்சல் ஒரு நாளும் வரவில்லை. அந்தத் தயசைட்தான் வில்லனா, நிறுத்திவிடட்டுமா? இப்போது வலி இல்லாத நேரத்தில் மூட்டில் ஊசி குத்தி நீர் எடுத்துத்தான் ஆக வேண்டுமா? நினைத்தாலே கால் கூசுகிறது.

வைகைக்கரை டாக்டர்

நீங்களாக நிறுத்தாதீர்கள், பி.பி. எகிறினால் அது வேறு வம்பு. ஆனால் எழுதிக் கொடுத்தவரிடம் "கவுட் சந்தேகம் இருக்கிறது, தயசைட் இல்லாத மாத்திரைக்கு மாற்றலாமா" என்று கேளுங்கள். தயசைட் யூரிக் ஆசிடைச் சிறுநீரில் போக விடாமல் பிடித்து வைக்கும். நீர் பிரியக் கொடுக்கும் ஃபுரோசமைடு, இதயத்துக்குப் போடும் குறைந்த அளவு ஆஸ்பிரின், காசநோய்க்குக் கொடுக்கும் பைரசினமைடு, எத்தம்பூட்டால் இதெல்லாமும் ஏற்றும். லோசார்டன் என்ற பி.பி. மாத்திரை மாறாகக் கொஞ்சம் இறக்கும். டி.பி. மருந்து சாப்பிடும்போது யூரிக் ஆசிட் ஏறிப் பயந்து வருபவர்கள் நிறைய, மருந்தை நிறுத்திவிடுவார்கள், அதுதான் பெரிய ஆபத்து.

ஊசி பற்றி: வலி இல்லாத மூட்டிலும் படிகம் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் உங்கள் நிலையில் உடனே அவசரமில்லை. முதலில் யூரிக் ஆசிடைத் திரும்பப் பாருங்கள். அதோடு மூட்டு அல்ட்ராசவுண்ட் பார்க்கத் தெரிந்தவர் கிடைத்தால் கட்டைவிரல் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். குருத்தெலும்பின் மேல் யூரேட் படிந்திருந்தால் ஒரு கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு தெரியும். பெரிய நகரங்களில் டூயல் எனர்ஜி சி.டி. என்றும் ஒன்று இருக்கிறது, படிகத்தைத் தனி நிறத்தில் காட்டும், ஆனால் புதிதாக வந்த கவுட்டில் தவறவிடும், செலவும் அதிகம், உங்களுக்கு இப்போது தேவைப்படாது. காது மடல், முழங்கை, விரல் மூட்டுகளில் வலியில்லாத கட்டி ஏதும் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

மறுபடி அட்டாக் வந்தால், அன்றே ஒரு ரூமட்டாலஜிஸ்டிடம் (மூட்டுவாத நிபுணர்) போய் நீர் எடுக்கச் சொல்லுங்கள், பயந்த அளவுக்கு வலிக்காது, வீங்கிய மூட்டின் வலிக்கு முன் அந்த ஊசி ஒன்றுமே இல்லை. கால் எப்படி இருந்தது என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடங்கிய பிறகு வந்து "இங்கேதான் வீங்கியிருந்தது" என்று வெறும் விரலைக் காட்டுபவர்களிடம் நாங்கள் என்னத்தைப் பார்ப்பது? தனியாரில் செலவு தாங்காதவர்களுக்கு, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது.

சோதனைக்குழாய்

மூட்டு நீர் எடுப்பதாக இருந்தால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், போலரைசிங் மைக்ராஸ்கோப் எல்லா லேபிலும் இருக்காது. எடுத்த நீரைச் சீக்கிரம் பார்க்க வேண்டும். அதே நீரில் ஒரு பங்கு கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் போக வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். "படிகம் தெரியவில்லை" என்று வந்தாலும் கவுட் இல்லவே இல்லை என்று ஆகிவிடாது, பார்க்கும் கண்ணையும் பொறுத்தது.

நொய்யல்காரன்

தகவலுக்காக: யூரிக் ஆசிட் திரும்ப எடுத்தேன், 8.1. கோவையில் ஒரு ரூமட்டாலஜிஸ்டைப் பார்த்தேன். அல்ட்ராசவுண்டில் இரட்டைக் கோடு வலது கட்டைவிரலில் தெளிவாக இருக்கிறது, வலியே வராத இடது கட்டைவிரலிலும் லேசாக இருக்கிறது என்றார், அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பி.பி. மாத்திரையை மாற்றிவிட்டார். ஒரு வருடத்துக்குள் இரண்டு அட்டாக் என்பதால் அலோபுரினால் 100-இல் தொடங்கி 6-க்குக் கீழே கொண்டுவர வேண்டும், ஆரம்ப மாதங்களில் அட்டாக் வரலாம், அதற்காகக் குறைந்த அளவு கால்சிசினும் கூடவே, தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் சாம்பார் திரும்ப வந்துவிட்டது.

பெல் காலனி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு 38 வயது, கம்பெனி செக்கப்பில் யூரிக் ஆசிட் 7.4. எந்த மூட்டிலும் வலி வந்ததே இல்லை. நானும் அலோபுரினால் ஆரம்பிக்க வேண்டுமா?

வைகைக்கரை டாக்டர்

வேண்டாம். பி.பி., சர்க்கரை, கிரியேட்டினின், எடை இந்த நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள், பீரையும் கூல்ட்ரிங்க்ஸையும் குறையுங்கள். சிறுநீரகக் கல் வந்திருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைத் தனி இழையில் எழுதுங்கள், இது நொய்யல்காரனின் இழை.